தேசிக்காயளவு புளி: சமையற் பள்ளிகளின் வரலாறும் எங்கள் குசினியும்

கூழுக்குப் புளி எவ்வளவு என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் "தேசிக்காயளவு" என்பார்கள். இஞ்சி பெருவிரலளவு. உப்பு கைப்பதம். புட்டுக்குத் தண்ணீர் "மா கேட்கிற அளவு". இந்த அளவுகளில் பிழை ஒன்றும் இல்லை. ஒரே அடுப்படியில், ஒரே சட்டியில், ஒரே ஆட்களுக்கு வருடக்கணக்காகச் சமைக்கிற கைக்கு இவை தாராளமாகப் போதும். பழம்புளி வறண்டு கிடக்கிறதா, புதுப்புளி ஈரப்பிடிப்பாக இருக்கிறதா என்பதை விரலே பார்த்துக் கூட்டிக் குறைத்துவிடும். அந்த விரலுக்கு இருக்கிற அறிவு தராசுக்குக் கிடையாது.

அந்த விரல் பக்கத்தில் இல்லாதபோதுதான் சங்கடம். எட்டுப் பேருக்குக் காய்ச்சிய கூழை எண்பது பேருக்குக் காய்ச்ச வேண்டும் என்று எல்லாவற்றையும் பத்தால் பெருக்கினால் கூழ் தண்ணீராகிவிடும். கிடாரம் பத்து மடங்கு கொள்ளும், ஆனால் அதன் வாய் பத்து மடங்கு அகலமாவதில்லை. சிறு பானையில் ஆவியாகிப் போன அளவுக்கு அங்கே தண்ணீர் வற்றாது. வெளிநாட்டுக்குப் போன பிள்ளை கடையில் வாங்கிய பொதி மாவில் புட்டு அவித்தால் அது களியாகிறது, அல்லது தூளாக உதிர்கிறது. தொலைபேசியில் "மா கேட்கிற அளவு தண்ணி விடு" என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

சமையலைப் பள்ளியில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கியவர்கள் எல்லா நாட்டிலும் இந்த இடத்தில்தான் முட்டினார்கள். ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் கைக்கு எப்படி மாற்றுவது? சமையற் பள்ளிகளின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்கள்தான். அந்த வரலாற்றை யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்கும்போது எங்கள் புட்டும் சொதியும் தூளும் கூழும் எந்தப் பாடத்துக்குள் வரவேண்டும் என்பதும் கூடவே தெரிகிறது.

லண்டனின் தென் கென்சிங்டனில் 1874இல் இயங்கத் தொடங்கிய தேசியச் சமையற் பயிற்சிப் பள்ளியின் முக்கிய வேலை சமையற்காரர்களை உருவாக்குவது அல்ல, சமையல் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியைகளை உருவாக்குவது. ஆகவே அங்கே ஒரு கறியை நன்றாக வைத்துக் காட்டினால் மட்டும் போதாது. அதைப் படிப்படியாகப் பிரித்து, இன்னொருவருக்குச் சொல்லத்தக்க பாடமாக ஆக்க வேண்டும். 1879இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஒரு சமையற் பள்ளி வந்தது. அங்கே படித்து, பின்பு அதற்கே தலைவியான ஃபனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் நூலில் ஒரு விடயத்தில் பிடிவாதமாக நின்றார்: கரண்டியிலும் கோப்பையிலும் குவித்து அளக்கக்கூடாது, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்துவிட்டு அளக்க வேண்டும். அதற்கு முன்பு அவர்களுடைய குறிப்புகளிலும் "முட்டையளவு வெண்ணெய்" என்றுதான் இருந்தது. எங்கள் தேசிக்காயளவுக்கு அது சொந்தக்காரன்தான்.

எங்களிடமும் சுண்டு இருந்தது, கொத்து இருந்தது. சுண்டால் தலைதட்டி அளப்பது ஃபார்மர் சொன்ன அதே மட்டம்தான். அரிசிக்கு அது நன்றாகச் சரிவரும். மாவுக்குச் சரிவராது. அரிதட்டில் அரித்து மெதுவாக அள்ளிய மாவுக்கும், பைக்குள் அமுங்கிக் கிடந்ததை அள்ளிய மாவுக்கும் ஒரே சுண்டில் நாலில் ஒரு பங்கு வரை நிறை வித்தியாசம் வரும். அதனால்தான் தொழில்முறைப் பள்ளிகள் கடைசியில் தராசுக்குப் போயின. பேக்கரிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாவை 100 என்று வைத்து மற்ற எல்லாவற்றையும் அதன் வீதமாகச் சொல்வார்கள். சாதாரணப் பாணுக்குத் தண்ணீர் 60 அளவில், உப்பு 2 அளவில். ஒரு கிலோ மா என்றாலும் ஒரு மூட்டை மா என்றாலும் கணக்கு மாறாது.

பாரிஸில் மார்த் டிஸ்ரெல் என்ற பத்திரிகையாளர் 1895இல் ஒரு சமையற் சஞ்சிகையைத் தொடங்கி, அதே வருடம் அதன் வாசகர்களுக்காக வகுப்புகளையும் நடத்தினார். லு கோர்டோன் புளூ பள்ளியின் பிறப்பு அது. "நீல நாடா" என்று பொருள்படும் அந்தப் பெயர் 1578இல் பிரெஞ்சு அரசன் மூன்றாம் ஹென்றி ஏற்படுத்திய வீரர் அணியின் நாடாவில் இருந்து வந்தது. அதே காலத்தில் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுச் சமையற்காரர் பெரிய ஹொட்டேல் குசினிகளில் வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் குழம்புவகை, ஒருவர் மீன், ஒருவர் பொரியல் வாட்டல், ஒருவர் இனிப்பு. பின்னால் வந்த பள்ளிகளின் பாட அட்டவணை பெரும்பாலும் இந்தப் பிரிவுகளைத்தான் தழுவி எழுதப்பட்டது.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் தொடங்கிய ஒரு சமையற் பள்ளியின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1946 மே மாதம், இரண்டாம் உலகப்போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம், கனெக்ரிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் அது திறந்தது. போரில் இருந்து திரும்பிய இளைஞர்களுக்கு ஒரு தொழில் வேண்டும். நகரத்து உணவகங்களுக்குப் பயின்ற ஆட்கள் வேண்டும். பள்ளியை நடத்தியவர் பிரான்செஸ் ரோத், ஒரு சட்டத்தரணி. துணை நின்றவர் கதரீன் ஏஞ்செல், யேல் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரின் மனைவி. இருவருமே தொழில்முறைச் சமையற்காரர்கள் அல்ல. தொடக்கத்தில் ஏறக்குறைய ஐம்பது மாணவர்கள். கற்பிக்க ஒரு சமையற்காரர், ஒரு பேக்கரிக்காரர், ஒரு சத்துணவு வல்லுநர். போர்வீரர்களின் படிப்புச் செலவை 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரசு ஏற்றது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் அந்தப் பள்ளி இவ்வளவு விரைவாகக் காலூன்றியிருக்காது.

அந்த மூன்று ஆசிரியர்களையும் கவனியுங்கள். சமையற்காரர் மட்டும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. பேக்கரிக்காரர் நிறையையும் நேரத்தையும் கொண்டுவந்தார், சத்துணவு வல்லுநர் "ஏன்" என்ற கேள்வியைக் கொண்டுவந்தார். ஒரு சிறிய ஊரில் இன்று சமையற் பள்ளி தொடங்குகிறவர்களுக்கும் இதைவிட நல்ல முதல் நியமனம் இல்லை. 1947இல் பள்ளி யேலுக்கு அருகில் ஒரு மாளிகைக்கு மாறியது. 1951இல் அமெரிக்கச் சமையற்கலை நிறுவனம் என்று பெயர் பெற்றது. இடம் போதாமல் 1970இல் ஹட்சன் ஆற்றங்கரையில், ஹைட் பார்க்கில், யேசுசபையினரின் பழைய குருமடத்தை வாங்கி 1972இல் அங்கே திறந்தது. குருமடத்தின் தேவாலயம் மாணவர்களின் உணவு மண்டபமானது. ரெயார் டு ஷார்டன் என்ற மெய்யியலாளரின் கல்லறை அந்த வளவுக்குள்தான் இருக்கிறது. அங்கே மாணவர்கள் சமைத்துப் பரிமாறும் உணவகங்களில் பொதுமக்கள் காசு கொடுத்துச் சாப்பிடலாம். ஆசிரியரிடம் வாங்கும் புள்ளி ஒன்று, தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழும்பிப் போகிறவரிடம் கற்பது இன்னொன்று.

இலங்கையில் 1960களில் கொழும்பில் இலங்கை ஹொட்டேல் பாடசாலை வந்தது. இன்று அது சுற்றுலா மற்றும் ஹொட்டேல் முகாமைத்துவ நிறுவகம். தேசிய தொழிற்தகைமை என்ற ஏழு மட்ட ஏணியும் உண்டு. முதல் நான்கு மட்டம் சான்றிதழ், அடுத்த இரண்டு டிப்ளோமா, ஏழாவது பட்டம். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை உடுவிலில் 1824இலேயே தொடங்கிவிட்டது. இன்று பாடசாலைகளில் மனைப்பொருளியல் ஒரு பாடம். இவை எல்லாம் நல்லவை. ஆனால் ஹொட்டேல் சமையற் படிப்பு என்று வந்தால் உலகம் எங்கும் அத்திவாரம் பிரெஞ்சு முறைதான். மாணவன் முதலில் வெட்டு வகை படிப்பான், பிறகு எலும்புச் சாறு, பிறகு ஐந்து தாய்க் குழம்புகள்: பெஷமெல், வெலூட்டே, எஸ்பன்யோல், தக்காளி, ஹொலண்டேஸ்.

அந்த ஐந்தையும் படிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவற்றின் பெறுமதி ருசியில் அல்ல, வகைப்படுத்தியதில் இருக்கிறது. மாவால் தடிப்பாவது எப்படி, கொழுப்பும் நீரும் பிரியாமல் நிற்பது எப்படி என்று தெரிந்தவன் நூறு குழம்பு வைப்பான். எங்கள் குறை என்னவென்றால், அதே தத்துவம் எங்கள் அடுப்பில் நாளாந்தம் நடக்கிறது, அதைப் பாடமாக எழுதி வைக்கவில்லை. குசினி என்ற சொல்லையும் பாண் என்ற சொல்லையும் போர்த்துக்கேயரிடம் வாங்கி எங்களதாக்கினோம். அளந்து படிப்பிக்கும் முறையையும் அப்படியே எங்களதாக்கலாம்.

சொதியை எடுப்போம். கொழுப்பும் நீரும் பிரியாமல் நிற்பதைக் காட்ட ஹொலண்டேஸ் குழம்பு கற்பிக்கப்படுகிறதே, அதே பாடம் சொதியில் இருக்கிறது. தேங்காய்ப்பால் என்பது நீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதக்கிற கலவை. அந்தத் துளிகளைச் சுற்றி நின்று ஒட்டவிடாமல் காப்பது தேங்காயின் புரதம். 80 பாகை செல்சியசைத் தாண்டினால் அந்தப் புரதம் இறுகத் தொடங்கும், பால் திரைந்துவிடும். நாலு பேருக்கு ஒரு தேங்காய். சுமார் 200 மில்லிலீற்றர் முதற்பால், 400 மில்லிலீற்றர் இரண்டாம் பால். சின்ன வெண்காயம் 50 கிராம், பச்சைமிளகாய் 3, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு 5 கிராம். இரண்டாம் பாலில் எல்லாவற்றையும் போட்டு வெண்காயம் அவியும்வரை கொதிக்க விடலாம். அது ஐதான பால், கொழுப்புக் குறைவு, திரைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பிறகு நெருப்பைத் தணித்து முதற்பாலை விட்டு, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றியபடி, ஓரத்தில் சிறு குமிழ் வரும்போதே இறக்க வேண்டும். தேசிக்காய்ப்புளி இறக்கிய பின்புதான். சூட்டோடு புளியும் சேர்ந்தால் புரதம் இன்னும் விரைவாக இறுகும். "சொதி கொதிக்கக் கூடாது, நுரைகட்டத்தான் வேணும்" என்று அடுப்படியில் சொல்வார்களே, அதன் முழு இரசாயனமும் இவ்வளவுதான்.

புட்டு அதைவிட நல்ல பாடம், பிழை உடனே கண்ணுக்குத் தெரிவதால். பச்சையரிசி ஊறவைத்து, நீர் வடித்து, இடித்து, அரித்து, வறுத்த மா. வறுவல் போதுமா என்று பார்க்க ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் போடுவதுபோல இழுத்தால் கோடு அறாமல் விழ வேண்டும். ஈரம் மிச்சம் இருந்தால் திட்டுத்திட்டாக விழும். அந்த மாவில் தலா 100 கிராமாக மூன்று பங்கு எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராம் உப்பு. ஒன்றுக்குப் பச்சைத் தண்ணீர், ஒன்றுக்கு 60 பாகைத் தண்ணீர், ஒன்றுக்குக் கொதிதண்ணீர். ஒவ்வொன்றும் 75 மில்லிலீற்றர். அகப்பைக் காம்பால் கிண்டி, கை பொறுக்கிற சூட்டில் உதிர்த்து, சுண்டின் விளிம்பால் கொத்தி, நீத்துப்பெட்டியில் போட்டு, ஆவி நன்றாக மேலே வந்த பின் பத்து நிமிடம். முதலாவது அவிந்த பின்னும் வாயில் மா மாவாக ஒட்டும், ஆறினால் உதிரும். இரண்டாவதும் ஏறக்குறைய அதுவே. அரிசி மாப்பொருள் நீரை உறிஞ்சி ஊதிப் பசையாவது 65 முதல் 75 பாகை அளவில்தான், 60 பாகை அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. மூன்றாவதில் ஒவ்வொரு மணியின் மேற்புறமும் சற்றே பசையாகி உள்ளே நீரைப் பிடித்து வைத்திருக்கும். புட்டு மெத்தென்று இருக்கும், மத்தியானம் வரை இறுகாது. தண்ணீரை 75இல் இருந்து 95க்குக் கூட்டினால் கொத்த முடியாது, கட்டி பிடிக்கும். அப்படியான மாவை அவித்தால் நடுவில் பச்சையாகவே நிற்கும்.

கோதுமை மாப் புட்டுக்குக் கணக்கு வேறு. மாவைத் துணியில் பொட்டலமாகக் கட்டி முக்கால் மணித்தியாலம் ஆவியில் அவித்து, சூடு ஆறும் முன்பே உடைத்து அரித்து எடுக்க வேண்டும். பிந்தினால் கல்லாகிவிடும், உரலில்தான் போடவேண்டி வரும். அவிப்பது எதற்கு? கோதுமையில் உள்ள பசைப் புரதம் நீர் பட்டதும் றப்பர்போல இழுபடும். ரொட்டிக்கு அது வேண்டும், புட்டுக்கு வேண்டாம். ஆவிச் சூடு அந்தப் புரதத்தை முன்கூட்டியே இறுக்கி, இழுபடும் குணத்தை எடுத்துவிடுகிறது. இந்த மாவுக்குக் கொதிதண்ணீர் விடாமல் கொதித்து ஆறின தண்ணீர் விடுவதும் காரணத்தோடுதான். மாப்பொருள் ஏற்கெனவே ஓரளவு சூடு கண்டது, நீரை விரைவாகக் குடிக்கும். பாணுக்கும் புட்டுக்கும் ஒரே மா எப்படி இரண்டு வேலை செய்கிறது என்பதை ஐரோப்பியப் பாடத்திட்டம் எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

தூளுக்கு வருவோம். வீட்டுக்கு வீடு விகிதம் மாறும், மாறவும் வேண்டும். பள்ளியில் தொடங்க ஒரு அடிப்படை: செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500, மிளகு 100, பெருஞ்சீரகம் 100, நற்சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள் 25, கறிவேப்பிலை 20. செத்தல் காம்பு நீக்கி ஒரு நாள் நல்ல வெயிலில் காய வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தாச்சியில் கொட்டி வறுப்பதுதான் முதல் தவறு. மல்லி வறுபட நேரம் எடுக்கும், சீரகங்கள் கொஞ்ச நேரத்தில் கருகும். தனித்தனியே வறுத்தெடுக்க வேண்டும். வெந்தயம் பொன்னிறத்தில் நிற்க வேண்டும், மண்ணிறம் கண்டால் முழுத் தூளும் கசக்கும். 25 கிராம் வெந்தயம் ஒன்றே கால் கிலோவுக்கு மேற்பட்ட தூளைக் கெடுக்கும் என்று அந்த இடத்திலேயே தராசில் வைத்துக் காட்டலாம். செத்தலைத் தணல் சூட்டில், கை நிறுத்தாமல், கருஞ்சிவப்பு வரும்வரை. கறுப்புப் புள்ளி விழுந்ததை எடுத்து எறிந்துவிடுங்கள். மில்லுக்குக் கொடுக்கும்போது சரக்கு முழுக்க ஆறியிருக்க வேண்டும். அரைபட்டு வரும் தூள் திரும்பவும் சூடாக வரும். அதை அப்படியே போத்தலில் அடைத்தால் மூடியில் நீர் கோர்க்கும், கட்டி விழும், பூஞ்சணம் பிடிக்கும். கடதாசியில் பரப்பி ஆறவிட்டு, பிறகு அரித்துப் போத்தலில் போடுவதுதான் பாடத்தின் கடைசிப் படி. வீட்டில் அவசரத்தில் தவறவிடுவதும் அதைத்தான்.

இனிக் கூழ். எட்டுப் பேருக்கு ஒடியல் மா (பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா) 200 கிராம். மூன்று நாலு மணித்தியாலம் நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, மிதக்கிற தும்பை அள்ளி, ஒரு தடவையாவது தண்ணீர் மாற்ற வேண்டும். கசப்பு அந்தத் தண்ணீரோடுதான் போகிறது. மரவள்ளியைத் திறந்த பாத்திரத்தில் தனியே அவித்து நீரை ஊற்றிவிட வேண்டும், அதில் உள்ள சயனைட் ஆவியோடும் அந்த நீரோடும் போகட்டும். பானையில் மூன்று லீற்றர் அளவில் தண்ணீர். முதலில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மீன்தலை. பிறகு பயிற்றங்காய், நண்டு. இறாலும் கணவாயும் பிந்தி, அவை அதிகம் அவிந்தால் றப்பராகும். அரைத்த செத்தலும் மஞ்சளும் அதன்பின். புளி எப்போது? பலாக்கொட்டையை நசுக்கினால் மசியும் என்ற பின்புதான். புளிப்பு ஏறிய நீரில் மரக்கறியும் கொட்டையும் இளகுவது மந்தமாகும். முந்திப் புளி விட்ட கூழில் பலாக்கொட்டை ஒரு மணித்தியாலம் கொதித்தும் நறுக்கென்று கடிபடுவது இதனால்தான். புளியை 40 கிராம் என்று நிறுத்து, 200 மில்லிலீற்றர் வெந்நீரில் கரைத்து, முதலில் முக்கால் பங்கை விட்டு ருசி பார்த்து மிச்சத்தை விட வேண்டும். புளிக்குப் புளி புளிப்பு மாறும் என்பதால் இங்கே தராசு பாதி வழிக்குத்தான் கூட்டிப்போகும், மீதி நாக்கின் வேலை. இரண்டும் வேண்டும் என்பதை மாணவன் இந்த ஒரு படியில் விளங்கிக்கொள்வான்.

ஒடியற் கரைசலை விடும்போது ஒரு கை ஊற்ற, மறு கை அடிவரை துழாவ வேண்டும். மா கனமானது, நேரே அடிக்குப் போய்ப் படியும், படிந்த இடத்தில் பசையாகி அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த கூழைச் சுரண்டக் கூடாது, அசையாமல் வேறு பானைக்கு மாற்ற வேண்டும்.

பெரிய அளவுச் சமையலுக்கு எங்கள் ஊரிலேயே ஆசான்கள் இருக்கிறார்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் அன்னதானத்துக்குக் கிடாரம் ஏற்றுகிறவர்களும், கலியாணவீட்டுச் சமையற்காரர்களும் எத்தனை நூறு பேருக்கும் கண்மட்டத்தில் கணக்குப் போடுவார்கள். சமையற் பள்ளி ஒன்று அவர்களை ஒரு தராசோடும் ஒரு வெப்பமானியோடும் சந்திக்க வேண்டும். அவர்கள் போடுகிற ஒவ்வொரு கைப்பிடியையும் போடுவதற்கு முன் நிறுத்துக் குறித்தால், நாலு சமையலில் ஒரு நியமக் குறிப்பு வந்துவிடும். அவர்களுக்கு அங்கே ஆசிரியர் நாற்காலி கொடுக்க வேண்டும், சான்றிதழ் கேட்கக் கூடாது. மாணவன் தன் பங்குக்குச் சேர்க்க வேண்டியது மிச்சச் சாப்பாட்டின் கணக்கு: 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமி பெருகும். தேங்காய்ப்பால் கறியும் சோறும் எங்கள் வெக்கையில் அந்த இடைவெளியில் மணிக்கணக்காகக் கிடக்கக் கூடாது. கிடாரத்தோடு மூடி வைத்தால் நடுவில் விடியும்வரை சூடு நிற்கும். அகலத் தட்டுகளில் மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஆறவிட்டுக் குளிரூட்டியில் வைக்க வேண்டும்.

கூழின் தடிப்பை அடுப்பில் வைத்துப் பார்த்து எழுதிய குறிப்பு பிழைக்கும். ஒடியல் மா ஆற ஆற இறுகும். ஒரு பிளாவில், அதாவது பனையோலைக் கிண்ணத்தில், வார்த்து, ஐந்து நிமிடம் வைத்து, பிறகு ஓலையைச் சரித்துப் பார்க்க வேண்டும். விளிம்பால் தடையில்லாமல் வழிந்து, ஓலையில் மெல்லிய படலம் ஒட்டி நின்றால் தண்ணீர் அளவைக் குறித்துக்கொள்ளலாம். கட்டியாக நழுவினால் அடுத்த முறைக்கு 200 மில்லிலீற்றர் கூட்டி, மற்ற எதையும் மாற்றாமல், திரும்பக் காய்ச்ச வேண்டும்.